காளை போட்டோவை பழைய அச்சு போஸ்டர் மாதிரி மாத்துறது எப்படி: புள்ளி எஃபெக்ட் முழு வழிகாட்டி

மதுரை சிம்மக்கல் பக்கம் டிடிபி, ஃப்ளெக்ஸ் டிசைன் வேலை பாக்குறேன். தை பொறந்துட்டா எங்களுக்கு காளை சீசன்தான், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு எந்த வாடிவாசலுக்குப் போற மாடா இருந்தாலும் அதோட போட்டோவைத் தூக்கிட்டு பசங்க வந்துருவாங்க. இந்த தடவை என் சித்தப்பா மகன் வந்து, "அண்ணே, எல்லாரும் போடுற மாதிரி தீ, மின்னல், புகை எல்லாம் வேணாம்ணே, நம்ம அப்பா காலத்துல சுவத்துல ஒட்டுவாங்கள்ல, கிட்டக்க போனா புள்ளி புள்ளியா தெரியுமே, அந்த மாதிரி வேணும்ணே"ன்னு கேட்டான். அம்புட்டு சந்தோஷம் எனக்கு. அவனுக்கு 8க்கு 6 அடி ஃப்ளெக்ஸ் ஒண்ணு, மாட்டோட போற பசங்களுக்கு டிஷர்ட், ஸ்டேட்டஸ் வைக்க ஒரு படம்னு மூணும் பண்ணிக் குடுத்தேன். அதை எப்படிப் பண்ணேன்னு முழுசா எழுதுறேன், உங்க கிட்ட காளை போட்டோ இல்லைன்னாலும் பரவால்ல, பாட்டி போட்டோ, கோபுரம், மல்லிப்பூ கட்டுற கை, எதுக்கும் இதே வேலைதான்.

முதல்ல இந்தப் புள்ளி எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கங்க, அது தெரிஞ்சாத்தான் எந்த நம்பரை எங்க போடணும்னு பிடிபடும். அச்சு மிஷின்ல கருப்பு மை ஊத்துனா கருப்பு மட்டும்தான் வரும், சாம்பல் கலர் வராது. போட்டோல இருக்குற சாம்பலைக் காட்டணும்னா கருப்பையே சின்னப் புள்ளியாவும் பெரிய புள்ளியாவும் உடைச்சு வைக்கணும், தள்ளி நின்னு பாக்குற கண்ணு அதைக் கலந்து சாம்பலா வாங்கிக்கும். இதுதான் ஹாஃப்டோன். ஜெர்மனில கியோர்க் மைசன்பாக்னு ஒருத்தர் 1882ல இதுக்கு பேடன்ட் வாங்குனாரு, அதுக்குப் பிறகு உலகம் பூரா பேப்பர்ல போட்டோ வந்தது இப்படித்தான். இப்ப வர்ற சிவகாசி காலண்டரையும் ஒரு லென்ஸ் வச்சுப் பாருங்க, சாமி முகம் பூரா நாலு கலர் புள்ளிதான் இருக்கும். அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு அச்சுக்காரங்க நூறு வருசமா பொடிசாக்கிக்கிட்டே வந்தாங்க, நாம இப்ப அதைத் தெரியணும்னு பெருசாக்குறோம். அதனால இந்த எஃபெக்ட்ல முக்கியமான கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், படம் எங்க தொங்கப்போகுது, எம்புட்டு தூரத்துல இருந்து பாப்பாங்க. இதை முடிவு பண்ணாம ஃபில்டர் மெனுவைத் திறக்கவே திறக்காதீங்க.

தூரம், அளவு, புள்ளி

கணக்கு ரொம்ப லேசு. நல்ல கண்ணு உள்ள ஆளு 30 அடி தள்ளி நின்னா, 3 மில்லிமீட்டருக்கும் குறைவா பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டு புள்ளியைத் தனித்தனியா பிரிக்க முடியாது, ஒண்ணா கலந்துரும். ரோட்டைத் தாண்டி நின்னு பாக்குற ஃப்ளெக்ஸ்ல புள்ளி தெரியணும்னா இடைவெளி அதைப் போல மூணு நாலு மடங்கு வேணும். நான் 12 மில்லிமீட்டர் எடுத்துக்கிட்டேன், அதாவது இன்ச்சுக்கு ஏறக்குறைய 2 புள்ளி. இதை லைன்னு சொல்லுவாங்க, இன்ச்சுக்கு 2 லைன். ஆர்ட் பேப்பர்ல அடிக்கிற ஆஃப்செட்டுக்கு வழக்கமா 150 லைன், நியூஸ் பேப்பருக்கு 85ல இருந்து 100 பக்கம், நாம 2. எம்புட்டு வித்தியாசம் பாருங்க.

இப்ப அடுத்த கணக்கு, இதுல தான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. 8 அடின்னா 96 இன்ச், இன்ச்சுக்கு 2ன்னா அகலத்துல மொத்தமே 192 புள்ளி, உயரத்துல 144. அம்புட்டுதான் உங்க படம்! கேமரா எத்தனை மெகாபிக்சலா இருந்தாலும் கடைசில 192 புள்ளிக்குள்ள அடங்கியாகணும். மாட்டோட கண்ணு படத்து அகலத்துல அறுவதுல ஒரு பங்குன்னு வைங்க, அதுக்கு மூணே மூணு புள்ளிதான் கிடைக்கும், மூணு புள்ளில கண்ணு வராது, சாம்பல் திட்டாத்தான் வரும். அதனால போட்டோ தேர்ந்தெடுக்கும்போதே மாடு ஃப்ரேமை அடைச்சு நிக்கிற மாதிரி எடுங்க, கூட்டம், கேலரி, கம்பி வேலி எல்லாம் இருக்குற போட்டோ இதுக்கு ஆகவே ஆகாது. கண்ணுக்கு வேற ஒரு வழி இருக்கு, பின்னாடி சொல்றேன்.

இதுல ஒரு நல்ல விசயமும் இருக்கு. ஒரிஜினல் போட்டோ கொஞ்சம் சுமாரா இருந்தாலும், செல்லுல எடுத்ததா இருந்தாலும் தாங்கும், ஏன்னா புள்ளியை நாம புதுசா கூர்மையா வரையப்போறோம். ஆனா ஃபார்வர்டு ஆகி ஃபார்வர்டு ஆகி வந்ததை வாங்காதீங்க, எடுத்தவன் செல்லுல இருக்குற ஃபைலை டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

ஃபைலைத் திறந்து தயார் பண்றது

நான் போட்டோஷாப்ல சொல்றேன். காசு இல்லாதவங்க ஃபோட்டோபியால பண்ணலாம், பிரவுசர்லயே ஓடும், மெனு முக்கால்வாசி அதே மாதிரி இருக்கும். ஜிம்ப்னு இலவச சாஃப்ட்வேர் வச்சிருந்தீங்கன்னா அதுல நியூஸ்பிரிண்ட்னு ஒரு ஃபில்டர், ஃபில்டர்ஸ் மெனுல டிஸ்டார்ட்ஸுக்குள்ள இருக்கு, 2025ல வந்த ஜிம்ப் 3ல ஃபில்டரைப் போட்ட பிறகும் நம்பரை மாத்திக்கலாம், ரொம்ப வசதி.

புது ஃபைல் 96க்கு 72 இன்ச், ரெசல்யூசன் 72, அதாவது இன்ச்சுக்கு 72 பிக்சல். பிக்சல்ல 6912க்கு 5184 வரும். ஃப்ளெக்ஸுக்கு 72 தாராளமா போதும், 300 வச்சு கம்ப்யூட்டரை சாகடிக்க வேணாம். போட்டோவை உள்ள இழுத்துப் போட்டு முழுசா பெருசாக்குங்க. பெருசாக்குற வேலை எல்லாம் புள்ளி வைக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிரணும், புள்ளி வச்ச பிறகு படத்தை ஒரு பர்சென்ட் கூட பெருசு சிறுசு பண்ணக் கூடாது. இதை ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்றேன்னா போன வருசம் ஒரு ஃப்ளெக்ஸுக்கு நான் புள்ளி வச்சு முடிச்ச படத்தை அவசரத்துல செல்லுல போட்டோவா அனுப்பி, அது சுருங்கிப் போயி, அச்சடிச்ச இடத்துல அதையே இழுத்துப் பெருசாக்கிப் போட்டுட்டாங்க, விரிச்சுப் பாத்தா மாட்டு மேல பூரா வாட்டர் சில்க் சேலை மாதிரி அலை அலையா ஓடுது. மொத்த ஃப்ளெக்ஸும் வீணாப் போச்சு. புள்ளி ஒரு ஒழுங்கான கட்டம், பிக்சல் இன்னொரு கட்டம், ரெண்டும் சரியா பொருந்தாம மோதும்போது வர்ற அலை அது, மோயர்னு பேரு. வந்துருச்சுன்னா எடுக்க முடியாது, திரும்ப முதல்ல இருந்துதான்.

அடுத்து ஓரம் வெட்டணும். செலக்ட் சப்ஜெக்ட் அடிச்சா உடம்பு ஓரளவு வந்துரும், ஆனா கொம்பு நுனி, மூக்கணாங்கயிறு, வால் முடி, இதெல்லாம் மெஷின் விட்டுரும். கொம்பை பென் டூலை எடுத்து கையாலயே வெட்டுங்க, சோம்பேறித்தனம் படாதீங்க, காளைக்கு அழகே கொம்பும் திமிலும்தான், மாட்டுக்காரரு முதல்ல அதைத்தான் பாப்பாரு. கொம்பு நுனி மொட்டையா இருந்தா மத்தது எம்புட்டு நல்லா இருந்தாலும் அவருக்கு மனசு ஆறாது. வெட்டினதை மாஸ்க்கா (வேண்டாத இடத்தை அழிக்காம மறைச்சு மட்டும் வைக்கிறது) வச்சுக்கங்க, பின்னணியை அழிச்சுராதீங்க.

கருப்பு வெள்ளை: வேலை பூரா இங்கதான்

புள்ளி ஃபில்டர் போடுறது அரை நிமிசம். அதுக்கு முன்னாடி படத்தை கருப்பு வெள்ளையாக்குறதுக்கு நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கிறேன். கலரை அப்படியே டீசாச்சுரேட் பண்ணி ஃபில்டரைப் போட்டா எல்லாம் ஒரே சாம்பலா வந்து, மாடு எது மண்ணு எதுன்னு தெரியாம ஒரு புள்ளிக் கஞ்சி மாதிரி ஆயிரும்.

பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போடுங்க, அதுல ரெட், யெல்லோ, கிரீன்னு ஆறு ஸ்லைடர் இருக்கும், ஒவ்வொரு கலரும் எம்புட்டு வெளுப்பா மாறணும்னு நீங்களே சொல்லலாம். களத்துல தென்னை நார் கொட்டியிருப்பாங்கள்ல, அது செங்காவி, மஞ்சள் கலந்த கலர். ரெட்டையும் யெல்லோவையும் ஏத்துனா நாரு வெளுத்துரும், எங்க காளை காரி, அது கருப்பாவே நிக்கும். ஒரே இழுப்புல மாடு தனியா துருத்திக்கிட்டு வெளிய வந்துச்சு. செவலை மாடா இருந்தா நேர் எதிரா யோசிக்கணும், ரெட்டை ஏத்துனா மாடும் நாரும் சேந்து வெளுத்துரும், அப்ப பின்னணியை மாஸ்க் வச்சு தனியா வெளுப்பாக்குங்க. வெள்ளை மாட்டுக்கு பின்னணி இருட்டா இருக்கணும்.

காரி மாட்டுல இன்னொரு கஷ்டம், உடம்பு பூரா ஒரே கருப்பு. அதை அப்படியே விட்டா நிழல் உருவம் மாதிரி தட்டையா வரும். ஷேடோஸ் ஹைலைட்ஸ்ல ஷேடோவை மட்டும் ஏத்துங்க, உள்ள ஒளிஞ்சிருக்குற விலா மடிப்பு, தாடைக்கு கீழ தொங்குற சதை எல்லாம் தலை காட்டும். அப்புறம் மேல ஒரு புது லேயர், 50% கிரே நிரப்பி சாஃப்ட் லைட் மோடு வச்சு, அதுல மெல்லிசான வெள்ளை பிரஷ்ல திமிலோட மேல் விளிம்பு, முதுகு வளைவு, கன்னம், தொடை தசை இங்கெல்லாம் வெளிச்சம் வரைங்க, கருப்பு பிரஷ்ல திமிலுக்கு அடில, கழுத்து மடிப்புல நிழலை ஆழமாக்குங்க. வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து விழுகுதோ அந்தப் பக்கம் மட்டும் வரையணும், ரெண்டு பக்கமும் வரைஞ்சா பொம்மை மாதிரி ஆயிரும். முடி, தூசி, சின்னச் சின்ன சுருக்கம் எல்லாம் 192 புள்ளில நிக்காது, வெறும் அழுக்காத்தான் தெரியும், அதை சர்ஃபேஸ் பிளர் போட்டு நிரவி விட்டுருங்க, விளிம்பு மழுங்காது.

இப்ப ஒரு சோதனை. 8 அடி ஃப்ளெக்ஸை 30 அடில பாக்குறதும், ஒரு அடி அகலத்துல லேப்டாப்ல தெரியிற படத்தை நாலடி தள்ளி நின்னு பாக்குறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எந்திரிச்சு நாலடி பின்னாடி போயி கண்ணை லேசா சுருக்கிப் பாருங்க. மாடு எங்கிட்டு பாக்குது, திமில் எங்க இருக்குன்னு டக்குன்னு புரியுதா? புரியலைன்னா திரும்ப உக்காந்து வெளிச்ச நிழலைச் சரி பண்ணுங்க, புள்ளி வந்து இதைக் காப்பாத்தாது.

புள்ளி வைக்கிறது

இமேஜ் மெனுல டூப்ளிகேட் அடிச்சு தனி காப்பி எடுத்துக்கங்க, ஏன்னா அடுத்த வேலைல லேயர் எல்லாம் ஒண்ணா அமுங்கிரும். காப்பியை ஃபிளாட்டன் பண்ணி, மோடுல 8 பிட் கிரேஸ்கேல், அதுக்குப் பிறகு பிட்மேப், அதாவது சாம்பலே இல்லாம கருப்பு, வெள்ளை ரெண்டு மட்டும். அவுட்புட் 72 அப்படியே இருக்கட்டும், மெத்தட்ல ஹாஃப்டோன் ஸ்கிரீன். அடுத்த பெட்டில ஃப்ரீக்வென்சி 2, ஆங்கிள் 45, ஷேப் ரவுண்ட். ஓகே. ஆங்கிளை 45 வைக்கிறதுக்கு காரணம் இருக்கு, நம்ம கண்ணு நேர் கோட்டையும் படுக்கைக் கோட்டையும் சட்டுன்னு பிடிச்சுரும், சாய்வை அம்புட்டு சீக்கிரம் பிடிக்காது, அதனால சாய்ச்சு வச்சா புள்ளி வரிசை உறுத்தாம படம் முன்னாடி வரும்.

படம் புரியலைன்னா ஃப்ரீக்வென்சியை 3 ஆக்கிப் பாருங்க, அகலத்துல 288 புள்ளி கிடைக்கும். நாலைத் தாண்டாதீங்க, தாண்டுனா ரோட்டுல இருந்து பாக்குறவனுக்கு பழைய அச்சு மாதிரி தெரியாது, மங்கலான போட்டோ மாதிரி தெரியும்.

முடிஞ்சதும் மோடை திரும்ப கிரேஸ்கேல் ஆக்கி, சைஸ் ரேசியோ 1ன்னு குடுத்து, ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டே மெயின் ஃபைலுக்குள்ள இழுத்துப் போடுங்க, அச்சு அசலா அதே இடத்துல உக்காரும். லேயர் மோடு மல்டிபிளை. இப்ப வெள்ளை எல்லாம் மறைஞ்சு கருப்புப் புள்ளி மட்டும் நிக்கும்.

கண்ணுக்கு வழி சொல்றேன்னேன்ல, அது இதுதான். அதே கருப்பு வெள்ளைப் படத்தை இன்னொரு காப்பி எடுத்து த்ரெஷோல்ட் போடுங்க, ஒரு அளவுக்குக் கீழ உள்ளது பூரா கருப்பு, மேல உள்ளது பூரா வெள்ளைன்னு அது பிரிச்சுரும். வழக்கமா 128ல நிக்கும், அதை 40, 50 பக்கம் இறக்குனா ரொம்ப ஆழமான கருப்பு மட்டும் கெட்டியா தங்கும்: கண்ணு, மூக்குத் துவாரம், குளம்பு, திமிலுக்கு அடி நிழல். வேண்டாத இடத்தை வெள்ளை பிரஷ்ல அழிச்சுட்டு இதையும் புள்ளி லேயருக்கு மேல மல்டிபிளைல வைங்க. கண்ணுல ஒரு சின்ன வெள்ளை மினுக்கு வேணும்னா எல்லாத்துக்கும் மேல ஒரு லேயர்ல கையாலயே வைங்க. புள்ளி சதையைக் காட்டும், கெட்டிக் கருப்பு எலும்பைப் பிடிச்சு நிறுத்தும். இந்த ரெண்டு லேயரும் சேந்த உடனே எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு, மாடு முறைச்சுப் பாக்குது!

ஃபில்டர் மெனுல பிக்சலேட்டுக்குள்ள கலர் ஹாஃப்டோன்னு ஒண்ணு இருக்கே அது எதுக்குன்னு கேப்பீங்க. அது நாலு கலர் அச்சு மாதிரி காட்டும். முதல்ல சிஎம்ஒய்கேவுக்கு (அச்சுக்கான நாலு மை கலர் மோடு) மாத்திட்டுப் போடுங்க, ஆர்ஜிபில (ஸ்கிரீனுக்கான கலர் மோடு) வச்சே போட்டா கருப்புப் புள்ளி வராது. அதுல நாலு சேனலுக்கும் 108, 162, 90, 45ன்னு ஆங்கிள் தானாவே இருக்கும், மாத்தாதீங்க. கலருக்கு கலர் ஏறக்குறைய 30 டிகிரி தள்ளி வச்சாத்தான் மோயர் வராது, ஆனா கட்டம் 90 டிகிரில திரும்ப அதே மாதிரி ஆயிரும், அப்ப மூணு கலருக்குத்தான் இடம். நாலாவதா வர்ற மஞ்சளை இடைல சொருகியிருக்காங்க, மஞ்சள் வெளிர் கலர்ங்கிறதால அது மோதுனாலும் கண்ணுக்குத் தெரியாது. காளைக்கு நான் இதை எடுக்கலை, ஒத்தைக் கருப்புல இருக்குற முரட்டுத்தனம் இதுல வராது. பூ மார்க்கெட், சித்திரைத் திருவிழா மாதிரி கலர் கொட்டிக் கிடக்குற போட்டோவுக்கு இது அருமையா இருக்கும்.

கலரும் பேப்பரும்

எல்லாத்துக்கும் அடில பேப்பர் கலர், சுத்த வெள்ளை வேணாம், ஆர் 243, ஜி 230, பி 200 மாதிரி பழுப்பு. மேல மூணே கலர்: கருப்பு, மஞ்சள், கோயில் மதில் பட்டைல அடிக்கிற காவிச் சிவப்பு. மஞ்சளை வானத்துக்கு, காவியை களத்துக்கும் கழுத்துத் துண்டுக்கும். லாசோல சுமாரா வெட்டி தட்டையா நிரப்புங்க, கிரேடியன்ட் போடவே போடாதீங்க, போட்டா இந்தக் காலத்து வேலைன்னு உடனே காட்டிக் குடுத்துரும். எல்லா கலர் லேயரும் மல்டிபிளை, அப்பத்தான் மஞ்சள் மேல காவி ஏறுன இடம் மை மேல மை விழுந்த மாதிரி இருட்டும்.

பழைய போஸ்டர்ல கலர் கொஞ்சம் விலகி நிக்கும், ஒரே தாளு மிஷினுக்குள்ள பல தடவை போயி வர்றதால. காவி லேயரை மட்டும் 12ல இருந்து 18 பிக்சல் ஒரு பக்கமா நகத்துங்க, ஃப்ளெக்ஸ்ல நாலுல இருந்து ஆறு மில்லிமீட்டர் வரும். எல்லா லேயரையும் வேற வேற பக்கம் நகத்தி வைக்கிறாங்க சில பேரு, அது பாக்குறதுக்கு கண்ணு வலிக்கும். மாட்டோட பேரு, ஊரு பேரு எல்லாம் புள்ளிக்கு வெளில கெட்டி எழுத்தா வைங்க. தமிழ் எழுத்துல கொம்பு, கால் எல்லாம் பிரிஞ்சு கண்ட இடத்துல நிக்கிதுன்னா, பழைய போட்டோஷாப் வெர்ஷன்ல பிரிஃபரன்ஸ்ல டைப்புக்குள்ள போயி டெக்ஸ்ட் இன்ஜினை வேர்ல்ட் ரெடி லேஅவுட்டுக்கு மாத்துங்க, சரியாயிரும்.

டிஷர்ட்டுக்கு தனி, ஸ்டேட்டஸுக்கு தனி

ஃப்ளெக்ஸுக்கு பண்ணதைச் சுருக்கி டிஷர்ட்டுக்கு குடுக்கக் கூடாது. புள்ளி வைக்காத கருப்பு வெள்ளை காப்பிக்குத் திரும்பப் போயி, 12 இன்ச் அகலத்துக்கு மாத்தி, பிட்மேப்ல அவுட்புட் 600, ஃப்ரீக்வென்சி 35 வைங்க. ஸ்கிரீன் பிரிண்டிங்ல மெஷ் (சட்டத்துல கட்டுற வலைத்துணி) நம்பர் லைனைப் போல நாலஞ்சு மடங்கு இருக்கணும், 35 லைனுக்கு இன்ச்சுக்கு 150 நூல் பக்கம் உள்ள மெஷ்ஷை எடுக்கச் சொல்லுங்க. ஆங்கிள் 45 வேணாம், 22.5 வைங்க, மெஷ் நூலோட மோதாது. ரொம்பப் பொடிப் புள்ளி ஸ்கிரீன்ல நிக்காம கழுவிக்கிட்டுப் போயிரும், ரொம்ப அடர்த்தியான இடம் மை அடைச்சு கட்டியாயிரும், அதனால பிட்மேப்புக்கு முன்னாடியே லெவல்ஸ்ல அவுட்புட்டை 25, 235ன்னு அடக்கி வைங்க. பின்னணி மட்டும் சுத்த வெள்ளையாவே இருக்கட்டும், இல்லைன்னா சட்டை பூரா புள்ளி விழுந்துரும். மஞ்சள் டிஷர்ட்ல ஒத்தைக் கருப்பு அடிச்சோம், கலர் அடிக்கவே தேவைப்படலை, செலவும் குறைஞ்சுச்சு.

ஸ்டேட்டஸுக்கு 1080க்கு 1920 புது ஃபைல், அதுலயும் புள்ளியை புதுசா வைங்க, அகலத்துல 60, 70 புள்ளிக்கு மேல போகாதீங்க, செல்லுல ஏறும்போது அழுத்துற அழுத்துல பொடிப் புள்ளி எல்லாம் கலங்கிரும். மாட்டு முகம் மட்டும் போதும், முழு உடம்பு இதுல நிக்காது.

அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி

ஃப்ளெக்ஸ் ஃபைலை டிஃப்ல, எல்இசட்டபிள்யூ கம்ப்ரஷன் போட்டு சேவ் பண்ணுங்க. ஜேபெக்தான் வேணும்னு சொன்னாங்கன்னா குவாலிட்டி 12, அதுக்குக் கீழ போனா புள்ளியைச் சுத்தி அழுக்கு படியும். பென்டிரைவ்ல நேர்ல கொண்டுபோயி, 96க்கு 72 இன்ச்சு, அளவை மாத்தாம நூத்துக்கு நூறுல அடிக்கணும்னு வாயால ஒரு தடவை, பேப்பர்ல எழுதி ஒரு தடவை சொல்லுங்க.

முழுசா அடிக்கிறதுக்கு முன்னாடி கண்ணும் கொம்படியும் வர்ற இடத்துல ஒரு அடிக்கு ஒரு அடி துண்டு மட்டும் வெட்டி, வேற யாரோ ஃப்ளெக்ஸ் ஓடும்போது ஓரத்துல மிஞ்சுற இடத்துல அதே அளவுல அடிச்சுத் தரச் சொல்லுங்க, தெரிஞ்ச இடம்னா செஞ்சு குடுப்பாங்க. அதை வீட்டு காம்பவுண்டு சுவத்துல ஒட்டிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி பாருங்க. நான் பாத்தப்ப கண்ணு சரியா இருந்துச்சு, கொம்படி மட்டும் நெத்தியோட கலந்து போயிருந்துச்சு, திரும்ப வந்து சாஃப்ட் லைட் லேயர்ல கொம்புக்கு அடில ரெண்டு இழுப்பு கருப்பு சேத்து, புள்ளியை மறுபடி வச்சு, அதுக்குப் பிறகுதான் முழு ஃப்ளெக்ஸையும் ஓட்டச் சொன்னேன்.